ஒரே தட்டில் இரண்டு கைப்பேசிகள்

"பேட்டரி தீப்பிடிக்குதாம் தங்கச்சி. எல்லா போனும் இல்ல, சிலது மட்டும்தான். சீரியல் நம்பர வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். பெட்டிய எடுங்க" என்றார், தானா ராத்தா டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஷஹாபுதீன் பாய்.

கைப்பேசியைக் காதில் வைத்தபடியே விக்னேஸ்வரி எழுந்தாள். போன வாரம்தான் அவரிடம் ஒரே மாதிரி இரண்டு வாங்கினார்கள். கணவன் ஷர்வினுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அலமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கி, ஒட்டியிருந்த எண்களைப் படித்தாள்.

"மொத நம்பர் நல்லது." பாய் கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "ரெண்டாவதுதான் கோளாறும்மா. அது யாரோடது?"

அவளுக்குத் தெரியவில்லை. சாமிக்கு வைத்த பிறகுதான் புதுப் பொருளைப் பயன்படுத்துவாள். இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து ஒரே தட்டில் வைத்துக் குங்குமம் இட்டதும் அவள்தான். கற்பூரம் காட்டியதும் கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

"தட்டுல வச்சப்ப மாறிப் போச்சு பாய்."

"அதுக்கென்ன, போன் உள்ளயும் நம்பர் இருக்கும். செட்டிங்ஸ்ல பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தேடினாள். கோளாறு தன்னுடையதில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கையில் இருப்பதை உடனே தூக்கி எறிந்துவிடலாம்.

எண் வந்தது. நல்ல எண்.

"அப்ப மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அணைக்கச் சொல்லுங்க. சீக்கிரம் லா."

ஷர்வின் கொழுந்து வெட்டும் தேயிலைச் சரிவில் லைன் கிடைக்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தாள். காலையில் மழை தூறியது. பவர் பேங்கோடு சேர்த்துக் கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக்கோட்டுக்குள்ளே அவன் சட்டைப் பையில் செருகியவள் அவளே. மழை நாளில் அங்கே எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். "நெஞ்சோட இருந்தா நனையாது" என்று பொத்தானையும் போட்டுவிட்டிருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். தேயிலையைப் பனி மூடியிருந்தது. மேலே கொழுந்து வெட்டும் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அது கேட்கும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை. பாதி ஏற்றத்தில் சத்தம் நின்றுபோனது. "ஏங்க" என்று கத்தப் பார்த்தாள். நிற்காமல் மேலே ஏறினாள்.

செடிகளுக்கு நடுவே, மிஷினின் மறுமுனையைப் பிடிக்கும் வசந்தன் குனிந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஷர்வின்.

"என்ன விக்கி, சோறு கொண்டாந்தியா?"

அவள் அவன்மேல் பாய்ந்தாள். கோட்டை விலக்கி, பொத்தான் தெறிக்கப் பொட்டலத்தை உருவினாள். குழைந்த பிளாஸ்டிக் விரலில் ஒட்டியது. உதறி வீசினாள். அது பாறையில் விழுந்து சீறியது. வெள்ளைப் புகை வந்தது, பிறகு தீ.

"நெஞ்சுல அடுப்ப வச்சுக்கிட்டா வெட்டுன?" என்றான் வசந்தன்.

ஷர்வினின் மார்பில் கைப்பேசி அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. அதன்மேல் பட்டும் படாமலும் கையை வைத்தாள்.

"சுடலையா?"

"சுட்டுச்சு. குளிருக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீ பொத்தான் போட்டு விட்டியா, அதான் எடுக்கல."

அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அலறியது. இருவரும் ஒன்றாகத் துள்ளினார்கள். ஷஹாபுதீன் பாய்தான். தன்னுடையது நல்லது என்று தெரிந்தும், கையை நீட்டி முகத்துக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டே பேசினாள்.