கழுவிய தொட்டி

வாவிக்கரை ஆசுபத்திரியின் பின்வளவில் கழிவுநீர்த் தொட்டி கட்டி ஏழு மாதமாகியும் வேலையாட்களுக்குப் பொறுப்பான ஓவசியர் வினாயகமூர்த்தி அதற்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. நாறும் என்று நினைத்திருந்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஏசுவதற்கு வாய் வேண்டியிருந்தது.

"என்ன இது?"

தொட்டி விளிம்பில் நின்று நுரை தள்ளிக்கொண்டிருந்த கண்ணகை தடியை நிமிர்த்திப் பிடித்தாள். "காத்துத் தொட்டி ஐயா."

"அது தெரியும். ஏன் இப்படி ஊத்தையாக் கிடக்கு? சாயத் தண்ணி மாதிரி?"

"அந்தச் சேறுதான் ஐயா வேலை செய்யிற."

"சேறு வேலை செய்யுதோ? அப்ப உனக்கு என்னத்துக்குச் சம்பளம்?" அவருடைய பகிடிக்கு அவரே சிரித்தார். பிறகு வாசல் பலகையைக் காட்டினார். "அதில என்ன எழுதியிரிக்கி? வாசி பாப்பம்."

"கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்."

"சுத்திகரிப்பு. விளங்கிற்றா? வியாழக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைக்காரர் வாறாங்க. அவங்க தந்த தொட்டி. இந்தக் கோலத்தில காட்டினா இனி ஒரு ஆணியும் தரமாட்டாங்க. நாளைக்கே எல்லாத்தையும் இறைச்சுப்போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, கிணத்துத் தண்ணி விட்டு நிரப்பு. காத்துக் குமிழி பளிச்செண்டு தெரிய வேணும்."

கண்ணகைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் தடியைக் கீழே வைத்தாள்.

கண்ணகை படுவான்கரைப் பெண். வவுணதீவுப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்தவள். நெல் வெட்டி, கல் சுமந்து, கடைசியில் ஆசுபத்திரியில் நாட்கூலிக்குக் கக்கூசு கழுவ வந்தாள். தொட்டியைக் கட்டிய எஞ்சினியர், பழக்கிவிட ஆள் கேட்டார். மலத் தொட்டிக்கு எவனும் முன்வரவில்லை. இவளை அனுப்பினார்கள். பதினொரு நாள் நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு அந்த மனுசன் போய்விட்டார்.

அவர் சொன்னதை அவள் தனக்கு விளங்கும் பாசையில் மாற்றி வைத்துக்கொண்டாள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீரை, அந்தக் கபிலநிறச் சேற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்கின்றன. அவற்றுக்கு மூச்சு வேண்டும். அதனால் மெசின் அடியிலிருந்து காற்று ஊதுகிறது. தின்று கொழுத்தவை அடுத்த தொட்டிக்குப் போய் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் வாவிக்குப் போகும். படிந்த சேற்றைத் திருப்பிக் காற்றுத் தொட்டிக்கே விட வேண்டும். அதை விடாவிட்டால் ஒன்றுமில்லை. எஞ்சினியர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். கண்ணகை "உறை" என்றாள். பழுகாமத்துத் தயிர்க்காரர் ஒரு சட்டித் தயிரை விற்றாலும் நாளைய பாலுக்கென்று ஒள்ளுப்பம், ஒரு கரண்டியளவு, மிச்சம் பிடிப்பார்களே, அது. பின்வளவில் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

உறை ஊறி வர மூன்று மாதம் சென்றது. ஒவ்வொரு நாளும் வெறும் சேலைன் போத்தலில் தொட்டித் தண்ணீரை மொண்டு மதிலில் வைப்பாள். அரைமணி நேரத்தில் சேறு அடியில் படியும். மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் சரி என்று போத்தலில் ஒரு பிளாஸ்ரர்த் துண்டு ஒட்டியிருந்தாள். அந்தக் கோட்டைச் சேறு தொட்ட அன்று ஜெனரேற்றர் பார்க்கும் உசனாருக்குக் கற்கண்டு கொடுத்தாள்.

மதிலுக்கு அப்பால், தொட்டித் தண்ணீர் வாவியில் விழும் இடத்தின் ஓரமாக, படுவான்கரையிலிருந்து வந்தவர்களின் நாற்பது குடிசைகள். அவளுடையதும் அதில் ஒன்று. மணலில் தோண்டிய மூன்று பூவல்தான் அத்தனை பேருக்கும் குடிதண்ணீர். தொட்டி வருவதற்கு முந்திய வருசம் ஆசுபத்திரிக் கழிவு அப்படியே அங்கே விழுந்து பூவலுக்குள் ஊறியது. வயிற்றோட்டத்தில் நாலு பிள்ளைகள் போனார்கள். ஒன்று அவளுடைய தங்கை இராசாத்தியின் கைக்குழந்தை. தொட்டியில் உறை பிடித்த பிறகு ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. இவ்வளவையும் ஓவசியருக்கு எப்படிச் சொல்லி முடிப்பது?

"ஐயா, இத இறைச்சா மறுகா மூணு மாசம் செல்லும். அதுவரைக்கும் ஊத்தை அப்படியே பூவலுக்குத்தான் வரும். பிள்ளைகள் கிடக்குதுகள் ஐயா."

"சேத்துக்கு வக்காலத்து வாங்கிறவள இப்பத்தான் பாக்கிறன். நீ நாட்கூலி. விருப்பமில்லாட்டி நாளைக்கு நிக்கத் தேவையில்ல."

புதன்கிழமை காலை நாலு தொழிலாளிகள் தண்ணீர் இறைக்கும் பம்மைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணகை குழாயைப் பிடிக்கமாட்டேன் என்றாள். நாலு பேரில் கோணாமலை பிடித்தான். ஐம்பது வயது, ஊரில் இவளுக்குத் தூரத்து மச்சான் முறை.

"கோவிக்காத மச்சாள். நான் பிடிக்காட்டி இன்னொருத்தன் பிடிப்பான்."

"பிடி. பிடிச்சுப்போட்டுப் போய் உன்ட பேரப்பிள்ளைக்கு அந்தத் தண்ணியையே பருக்கு."

அவன் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினான். மூன்று மாதப் பாடு இரண்டு தொட்டியிலிருந்தும் ஒரு காலைப் பொழுதில் வாவிக்குப் போகும் கானுக்குள் ஓடியது. வாவி ஓரம் கபிலநிறமாய்ப் பரந்தது. சின்ன மீன்கள் மேலே வந்து வாயை வாயைப் பிளந்தன.

அதற்கு முன்னமே கண்ணகை அடுத்த தொட்டியின் அடியில் படிந்த சேற்றில் இரண்டு நீலப் பிளாஸ்ரிக் பரல் நிறைய மொண்டு, ஜெனரேற்றர்க் கொட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். உசனார் காத்தான்குடி முஸ்லிம் மனுசன். அண்ணன் முறைக்கு அவள் அவரைக் காக்கா என்பாள். கலவர வருசங்களில் இரண்டு பக்கத்திலும் செத்தவர்களை இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் காற்று மெசினிலிருந்து மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றை இழுத்து இரண்டு பரலுக்குள்ளும் விட்டார்.

"ஓவசியர் கண்டா என்ன சொல்ற காக்கா?"

"மீன் வளக்கிறன் எண்டு சொல்றன். அவருக்கு மீனும் தெரியா, சேறும் தெரியா."

தொட்டியைத் தேய்க்கும்போது பிளீச்சிங் பவுடர்ப் பையை அவள் கோணாமலையிடமிருந்து பறித்தாள். அது பட்ட சுவரில் உறை உயிரோடிராது. அவன் சுற்றிவரப் பார்த்துவிட்டு, பவுடரைத் தொட்டிக்கு வெளியே நடைபாதையில் மட்டும் தூவினான். மணம் வந்தது. மணம் வந்ததே ஓவசியருக்குப் போதுமாயிருந்தது. வெள்ளைக்காரர் போகுமட்டும் வார்டுக் குழாயை அடைத்தாயிற்று. பின்னேரம் கிணற்றுத் தண்ணீர் நிறைந்தபோது தொட்டி அடி வரைக்கும் தெரிந்தது. அவர் அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

வியாழன் விடியக் கரண்ட் போனது. ஜெனரேற்றருக்கு இருந்த டீசல் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் காணும். புதிதாக எடுக்க ஆமியின் பாஸ் வேண்டும். இருந்ததையும் ஓவசியர் பூட்டிச் சாவியை இடுப்பில் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரர் வந்து நிற்கும்போது குமிழி வர வேண்டுமாம். அதுவரை ஒருவரும் தொட்டியைத் தொடக்கூடாதாம்.

பரலுக்குள் போன குழாயிலும் காற்று நின்றது.

கண்ணகை இரண்டு வாளி எடுத்தாள். பரலில் மொண்டு, ஒரு வாளியைத் தலைக்கு மேலே தூக்கி, மற்ற வாளிக்குள் நூலாக ஊற்றினாள். திரும்ப மாற்றி ஊற்றினாள். விழுகிற வேகத்தில் காற்று ஏறும். ஏறியதைப் பரலில் கொட்டி அடுத்ததை மொண்டாள். ஆறு மணிக்குத் தொடங்கியவள் எட்டு மணிக்குத் தோள் கழன்றதுபோல் நின்றாள். உசனார் ஒரு வாளியை வாங்கினார்.

"கலியாண வீட்டில தேத்தண்ணி ஆத்தினவன் நான். தள்ளு புள்ள."

"சீனி காணுமா எண்டு பாருங்க காக்கா."

"முதல் கோப்பை ஓவசியருக்கு."

பத்து மணியானது. வெள்ளைக்காரர் வரவில்லை. பாலத்தடியில் ஆமியின் சுற்றிவளைப்பு, வாகனமெல்லாம் மறித்துக் கிடக்கிறது என்று அம்புலன்சுக்காரன் வந்து சொன்னான். பதினொன்று. வரவேற்க வாங்கிய பூமாலை வாடாமலிருக்க ஓவசியர் அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டுக்குக் கண்ணகை பரலுக்குள் குனிந்தாள். நல்ல உறையில் வரும் மழைக்குப் பிந்திய மண் வாசம் இல்லை. இலேசாய்க் கூழ்முட்டை நாற்றம். சேற்றின் கரையோரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் நேரே ஓவசியரிடம் போனாள். "ஐயா, சாவியத் தாங்க. கால்மணித்தியாலம் காத்து விட்டாக் காணும்."

"எதுக்கு?"

"ஒள்ளுப்பம் உறை எடுத்து வச்சிரிக்கன். சாகப் போகுது."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "களவா எடுத்து வச்சிரிக்கிறாய். அதுக்கு டீசல் வேறயோ? அவங்க போகட்டும், உன்ட கதைய முடிக்கிறன்."

திரும்பி வரும் வழியில் தொட்டியைப் பார்த்தாள். தெளிந்த கிணற்றுத் தண்ணீர். நேற்று உயரத்திலிருந்து கொட்டி நிரப்பியது. முழுக்கக் காற்று ஏறிய தண்ணீர். இரண்டு பரல் சேற்றுக்கு அதற்குள் இன்றைக்கு மூச்சு விட இடமிருந்தது. வளவு முழுக்க வேறெங்கும் இல்லை.

"காக்கா, தூக்குங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். பின்னேரம் தூக்கினாப் பொணம்."

உசனார் பரலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். படியடியில் கோணாமலை நின்றான். ஓவசியர் தடுக்க நிறுத்தி வைத்த ஆள். அவன் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். முதல் பரல் கவிழ்ந்ததும் தெளிந்த தண்ணீருக்குள் கபிலநிறம் புகைபோல் இறங்கியது. இரண்டாவது கவிழ்ந்தபோது ஓவசியர் மாலையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்துவிட்டார். தொட்டி வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது.

"என்னடி செய்துபோட்டாய்?" கையை ஓங்கினார். உசனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் வாசலில் வாகனச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ச் சாவியைக் கொடுத்தவரும் ஓவசியர்தான். ஜெனரேற்றர் இரைந்தது. தொட்டியில் காற்று எழும்பியது.

வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு வெள்ளைக்காரர், கொழும்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். பாலத்தில் மூன்று மணித்தியாலம் வெயிலில் கிடந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. பாலம் திரும்பப் பூட்டமுன் போய்விட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே நின்றார். அவர்களுடைய பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். கேக் தின்றார்கள். சோடா குடித்தார்கள். போனார்கள். தொட்டிப் படியில் ஒருவரும் ஏறவில்லை.

வாகனப் புழுதி அடங்குமட்டும் ஓவசியர் வாசலிலேயே நின்றார். திரும்பி வந்தபோது கண்ணகை படியில் குந்தியிருந்தாள். எழும்பவில்லை.

"நாளைக்கு நீ வரத் தேவையில்ல," என்றார்.

"பேர வெட்டுங்க ஐயா. வெட்டுறதுக்கு முதல் ஒரு வேலை இரிக்கி." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "ரெண்டு பரல் உறை முழுத் தொட்டிக்கு ஏறி வர ஒரு மாசமாவது செல்லும். அதுவரைக்கும் வார்டு ஊத்தை அப்படியே வெளிய போகும். எங்கட ஆக்கள் பூவல்ல அள்ளக்கூடாது. அத நீங்க வந்து சொல்லுங்க. நாற்பது வீட்டுக்கும் சொல்லுங்க. ஏன் எண்டும் சொல்லுங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்காத தொட்டியக் கழுவினன் எண்டு சொல்லுங்க. என்ட தங்கச்சி இராசாத்தி முதல் குடிசை. அவளிட்ட முதல்ல சொல்லுங்க."

அவர் கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வரவில்லை. கண்ணகைதான் குடிசை குடிசையாய்ப் போய்ச் சொன்னாள். இராசாத்தி பூவலுக்கு மேலே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணறு ஒரு மைல்கட்டை தூரம். நடுவில் ஆமிச் சென்றி. போகும்போது வெறுங்குடத்துக்குள் ஆமிக்காரன் கையை விட்டுப் பார்ப்பான். வரும்போது நிறைகுடத்துக்குள்ளும் விடுவான்.

மறுநாள் தொட்டியைப் பார்க்கச் சொல்லி ஓவசியர் கோணாமலையை அனுப்பினார். அவன் "எனக்குத் தெரியா சேர், அது உயிரோட இரிக்கிற சாமான்" என்று சொல்லிவிட்டுக் கக்கூசு கழுவப் போனான். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். கண்ணகை வந்தாள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை, மறிக்கவுமில்லை. சம்பள இடாப்பில் அவள் பெயர் வெட்டியபடியே கிடந்தது.

போத்தலில் மொண்டு மதிலில் வைத்தாள். அரைமணி கழித்து அடியில் நகக்கண் அளவு கபிலநிறம். பிளாஸ்ரர்க் கோடு எங்கேயோ மேலே. கையில் கோப்போடு அந்தப் பக்கம் போன ஓவசியர் தூரத்திலேயே நின்றார்.

"உயிரோட இரிக்கா?"

அவள் திரும்பவில்லை. மதிலுக்கு அப்பால், வெயிலில், குடங்களோடு பெண்கள் சென்றியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்க திரும்பி இந்த வழியாத்தான் வருவாங்க," என்றாள். "நிண்டு சொல்லிப்போட்டுப் போங்க ஐயா."