இருநூற்று மூன்று இடோவுகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தலைநகரிலிருந்து வந்த நாலு வரிக் கடிதம் அபியோனாவைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. அதுவும் 'தாங்கள்', 'தங்கள்' என்று மரியாதை குறையாமல்.

ஒகே-ஒலா வட்டாரத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 11,240 பேர் என்று தாங்கள் அனுப்பிய பட்டியலில் 1,174 பதிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருந்ததால் நீக்கப்பட்டன. மீதம் 10,066. பதிவுகள் உண்மையிலேயே வீடுவீடாகச் சென்று எடுக்கப்பட்டவைதாமா என்ற ஐயம் எழுகிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கமளித்துத் திருத்திய பட்டியலில் கையெழுத்திடவும். இப்படிக்கு, டாக்டர் ஐ. அடெலாகுன், இயக்குநர்.

அபியோனா வட்டாரப் புள்ளிவிவர அதிகாரி. பதவியின் பெயர்தான் பெரிது. ஒரு மேசை, ஒரு கணினி, நினைத்தபோது வந்துபோகும் மின்சாரம், சுலைமோன் என்ற உதவியாளர், அவ்வளவே அலுவலகம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் அவள் தெருத்தெருவாக நடந்து ஒரு ஜோடிச் செருப்பைத் தேய்த்திருந்தாள். கணக்கெடுத்த முப்பத்து நாலு பேருக்கும் பயிற்சி கொடுத்தவளும் அவளே.

சுலைமோன் கடிதத்தை எட்டிப் பார்த்தான். "நாலு பிள்ளையைக் கூட்டி எழுதினா யாருக்கும் தெரியாதுக்கா. ஆயிரத்து நூத்தி எழுபத்தி நாலையா கூட்டுவாங்க?" என்றான். வேறொரு நாளாக இருந்தால் அபியோனா அவன் தலையில் குட்டிவிட்டுச் சிரித்திருப்பாள்.

காரணம், போவது அவள் பெயர் மட்டுமில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவை, இன்குபேட்டரும் இரண்டு டாக்டர்களுமாக, மாநிலத்தில் நாலு ஊருக்குத் தருவதாக இருந்தார்கள். குழந்தைகள் அதிகமுள்ள முதல் நாலு வட்டாரங்களுக்கு. 11,240 என்றால் ஒகே-ஒலா மூன்றாவது இடம். 10,066 என்றால் ஆறாவது. இப்போதைக்குக் குறைமாதக் குழந்தை பிறந்தால் ஒன்றரை மணி நேரம் குண்டும் குழியுமான சாலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அபியோனாவின் அக்கா அடுன்னிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருப்பது இரட்டை. கடிதத்தைப் படித்தபோது அபியோனாவுக்கு வந்த பயத்துக்கு அந்த வயிறுதான் முதல் காரணம்.

பயம் அரை மணி நேரம் இருந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை வேகமாக ஓடும். கடிதத்தோடு வந்த திருத்திய பட்டியலைக் கணினியில் திறந்து, தன் பழைய பட்டியலைப் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் தெருவாரியாகப் பார்த்தாள். குறைவு எல்லாத் தெருவிலும் இருந்தது. கணக்கெடுத்த ஆள்வாரியாகப் பார்த்தாள். முப்பத்து நாலு பேருடைய பதிவுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு போயிருந்தது. இங்கேதான் அவளுக்கு முதல் நம்பிக்கை பிறந்தது. பொய் எழுதுகிறவன் கூட்டத்தில் ஒருத்தன் இருப்பான், இரண்டு பேர் இருப்பார்கள். முப்பத்து நாலு பேரும் ஒரே அளவில் பொய் எழுத வேண்டுமென்றால் அதற்கே தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும்.

கடைசியில் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினாள். பெயர்கள் ஓடின. இடோவு, இடோவு, இடோவு என்று திரை முழுக்க ஒரே பெயர் வந்தபோது எண்ணிப் பார்த்தாள். இருநூற்று மூன்று பேர்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

எங்கள் ஊரில் இடோவு என்ற பெயரை ஆசைப்பட்டு வைக்க முடியாது. இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறக்கிற பிள்ளைதான் இடோவு. அதற்கு அடுத்தது அலாபா. இரட்டையில் முதலில் வெளியே வருவது டைவோ, பின்னால் வருவது கெஹிந்தே. ஆணோ பெண்ணோ, ராஜா வீட்டுப் பிள்ளையோ பயறு விற்பவள் பிள்ளையோ, பெயர் இதுதான். பிள்ளைகள் பெயரோடுதான் பிறக்கிறார்கள். ஆக, இடோவு ஒருவன் இருந்தால் அவனுக்கு மேலே இரண்டு பேர் இருந்தே தீர வேண்டும்.

அபியோனா தேடினாள். இருநூற்று மூன்று இடோவுகள் இருந்த பட்டியலில் டைவோ இருபது, கெஹிந்தே இருபத்தாறு. மழையே பெய்யாத ஊரில் எல்லோரும் குடையும் கையுமாகத் திரிவது போலிருந்தது அந்தப் பட்டியல்.

"சுலைமோன், நீக்கினதுல வீட்டுக்கு எத்தனைன்னு பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். வீட்டுக்கு இரண்டு. மறுபடி இரண்டு. ஒரே ஒரு வீட்டில் நாலு; அந்தத் தாய் இரண்டு முறை இரட்டை பெற்றவள். மொத்தம் ஐந்நூற்று எண்பத்தேழு ஜோடி. சுலைமோன் கேலியை மறந்து, "அக்கா, நம்ம ஊர் ரெட்டைப் பிள்ளைங்களை எல்லாம் ஒருத்தன் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றான்.

அப்படியானால் மிச்சமிருந்த நாற்பத்தாறு பேர் யார்? மறுநாள் காலை அந்த முகவரிகளை எழுதிக்கொண்டு வாடகை பைக்கில் கிளம்பினாள். முதல் வீட்டில் அக்காரா என்னும் பயறு வடை பொரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் டைவோ எங்கே என்று கேட்டாள். மூன்று வயசுப் பையன் ஒருத்தன் அம்மாவின் பாவாடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கெஹிந்தே எங்கே என்று கேட்டாள்.

அந்தப் பெண் கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்தாள். "மூணாம் நாள் போயிட்டாம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியில, ரோட்டுலயே" என்றாள்.

இரண்டாவது வீட்டிலும் ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது வீட்டிலும். எட்டாவது வீட்டோடு அபியோனா நிறுத்திக்கொண்டாள். தலைநகரின் கணினி ஒகே-ஒலாவில் ஒரு இரட்டைப் பிள்ளையை நம்ப வேண்டுமென்றால் அதன் ஜோடி செத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பைக் ஓட்டியவன் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தான். அவள் முகவரித் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் கணக்கு முடியவில்லை. எது போனது என்று தெரிந்துவிட்டது. ஏன் போனது என்று தெரியவில்லை. பதிவுகளை நீக்கத் தலைநகரின் கணினி பின்பற்றும் பன்னிரண்டு பக்க விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தாள். ஒரே நாளில் பிறந்தவர்களை நீக்கு என்று எங்கும் இல்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டமே இருந்தது. காரணம் தெரியாமல் கூட்டத்துக்குப் போனால், 'பொய்க் கணக்கு எழுதுகிறவளுக்கு இரட்டையாக எழுதுவது இன்னும் சுலபம்' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அடுன்னி இரண்டு தட்டில் பயறும் வறுத்த வாழைப்பழமும் போட்டுக்கொண்டு வந்து, இரண்டையும் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டாள். மூன்று பேருக்குச் சாப்பிடுகிறவளிடம் பங்கு கேட்கக் கூடாதாம். அன்று காலை ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். அபியோனா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"சின்னது கீழ தலையைக் கொடுத்துக்கிட்டு ரெடியா இருக்கு. பெரியது மேல காலை நீட்டி உக்காந்திருக்கு, மகாராசா கணக்கா."

"கீழ இருக்கிறதுதானேக்கா முதல்ல வரும்?"

"ஆமாடி. அது டைவோ. பெரியவன் எப்பவாவது முதல்ல வருவானா? போய் உலகம் எப்படி இருக்குன்னு ருசி பார்த்துட்டு வாடான்னு சின்னவனை அனுப்புவான். அவன் அழுது ஆள் அனுப்பினதும் இவன் சாவகாசமா வருவான். கெஹிந்தேதான்டி மூத்தது. இது தெரியாமலா நீ ஊரை எண்ணினே?"

அபியோனா தட்டிலிருந்து திருடி வாயில் போட்டிருந்த வாழைப்பழத்தை விழுங்காமலே அக்காவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அடுன்னி கன்னத்து எண்ணெயைத் துடைப்பதற்குள் தங்கை தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

விதி எண் பதினொன்று. இளைய பிள்ளை மூத்த பிள்ளைக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. அவ்வாறு காணப்பட்டால் இரு பதிவுகளும் நீக்கப்படும்.

படிவத்தில் பிறந்த நாள், பிறந்த நேரம், வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று மூன்று கேள்வி. ஊர்த் தாய்மார்கள் எல்லோரும் கெஹிந்தே மூன்றாவது என்றால் டைவோ நாலாவது என்றே சொல்லியிருந்தார்கள். கணக்கெடுத்தவர்களும் ஊர்ப் பிள்ளைகள். எழுதும்போது ஒருத்தருக்கும் கை நிற்கவில்லை. மூன்றாவது பிள்ளை ஐந்து இருபதுக்கு, நாலாவது பிள்ளை ஐந்து மணிக்கு. சரிபார்த்துக் கையெழுத்திட்ட அபியோனாவுக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரிந்தால்தான் ஆச்சரியம். அவளுக்கும் அது தப்பில்லையே.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். டாக்டர் அடெலாகுன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். கஞ்சி போட்ட அங்கி, மூக்குநுனியில் கண்ணாடி, யாரும் உட்காருவதற்கு முன்பே சலித்துப்போன முகம். அபியோனா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். இருநூற்று மூன்று இடோவு என்றாள், ஐந்நூற்று எண்பத்தேழு ஜோடி என்றாள், விதி பதினொன்றைப் படித்துக் காட்டினாள்.

அந்த விதியை எழுதியது தான்தான் என்றார் அவர். மூத்தவன் முன்னால் பிறப்பான், இளையவன் பின்னால் பிறப்பான், இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்றார். பெயரெல்லாம் ஆதாரம் ஆகாது, யார் வேண்டுமானாலும் என்ன பெயரும் வைக்கலாம் என்று சொல்லிப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அபியோனா பேனாவைத் தொடவில்லை. மேசை மேலிருந்த அவருடைய பெயர்ப்பலகையைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கடிதத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை ஆங்கில எழுத்து அப்போதுதான் அவள் கண்ணில் குத்தியது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க பேருக்கு முன்னால இருக்கிற ஐ எதுக்கு?"

அறையில் யாரோ இருமினார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இடோவு" என்றார்.

"அப்ப உங்களுக்கு மேல ரெண்டு பேர் இருக்கணும்."

"இருக்காங்க. டைவோ அக்கா துணிக்கடை வெச்சிருக்கா. கெஹிந்தே அண்ணன்தான் வீட்டுக்கு மூத்தவர். ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணி, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் என்னைத் திட்டுவார்."

"ரெண்டு பேர்ல முதல்ல பொறந்தது யாருங்க?"

"டைவோ அக்காதான். பத்து நிமிஷம் முன்னாடி..."

அவர் பேச்சு அங்கேயே நின்றது. சுவரோரம் கணினியோடு உட்கார்ந்திருந்த பெண் யாரும் சொல்லாமலே அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளையும் தட்டி உள்ளே போட்டாள். திரையில் முதல் இரண்டு வரியும் சிவந்து மறைந்தன. இடோவு மட்டும் தனியாக நின்றார், வீட்டுக்கு ஒரே பிள்ளையாக.

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. ஆனால் பதினோரு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். டாக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நகரத்தில் உட்கார்ந்து விதி எழுதியபோது, வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு தனக்கு நினைவே வரவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அபியோனா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நாற்பத்தாறு பெயர்கள் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தாள். "இவங்களை மட்டும் உங்க விதி விட்டுவெச்சுது, ஐயா. எட்டு வீடு நான் போய்ப் பார்த்தேன். எட்டுலயும் ஜோடி உயிரோட இல்லை. நாலு பேர் ரோட்டுலயே போயிட்டாங்க."

டாக்டர் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு பேனாவைத் தன் பக்கம் இழுத்து விதி பதினொன்றின் குறுக்கே கோடு போட்டு, இரட்டைப் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று ஓரத்தில் எழுதினார். எல்லா வட்டாரங்களின் கணக்கையும் அங்கேயே மறுபடி ஓட்டச் சொன்னார். மற்ற ஊர்களுக்கும் ஐம்பது, நூறு என்று பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒகே-ஒலாவுக்கு ஆயிரத்து நூற்று எழுபத்து நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது இடம். பச்சிளங்குழந்தைப் பிரிவு இரண்டு மாதத்துக்குள் திறக்கும் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. இயக்குநர் அதை அடித்துவிட்டு ஆறு வாரம் என்று எழுதினார்.

அபியோனா மேசைக்கடியில் கையை வைத்துக்கொண்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். 'மகாராசா ஆறு வாரம் காலை நீட்டிக்கிட்டே உக்காரட்டும். அதுக்கு முன்னாடி வரக் கூடாதுன்னு சொல்லு.'

எல்லோரும் எழுந்தார்கள். டாக்டர் அடெலாகுன் மட்டும் ஜன்னல் பக்கம் போய் போனில் ஒரு எண்ணை அழுத்தினார். அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. மறுமுனையில் யாரோ பதறிப்போய் என்ன ஏது என்று கேட்பது அறைவரை கேட்டது.

"ஒண்ணுமில்லைண்ணே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார் அவர். "உங்களையும் அக்காவையும் நான் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இல்லை இல்லை, இப்ப திரும்பவும் எழுதியாச்சு. திட்டுங்கண்ணே, திட்டுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."