மலர்க்கொடி முழித்திருந்து பார்த்த படம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. அதைப் பார்த்த பிறகும் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்க நான் என்ன கன்னியாஸ்திரீயா? காசிமேட்டில் எங்கள் தெரு ஆறடி அகலம். என் சன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டு உப்பு டப்பா தெரியும். திறந்து வைத்தது என் குற்றமில்லை.

பெட்டிக்குள் புரொஜெக்டர். வாங்கியவள் நர்மதா, மணலி புதுநகர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவள். வாங்கியது அம்மா மலர்க்கொடிக்காக.

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "ஒளி ஒரு நதியைப் போலச் சுவரில் பாய்ந்து—"

அடித்துவிட்டேன். ஒளி பாய்ந்த இடத்தில் காலண்டர் ஆணி இருந்தது. ஹீரோவின் நெற்றி நடுவில், பொட்டு வைத்த மாதிரி.

2

மலர்க்கொடி மீன் வியாபாரி. விடியுமுன் ஏலத்துக்குப் போகவேண்டும் என்பதால் இரண்டு மணிக்கே எழுந்துவிடுவாள். அதனால் எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையில் பாப்கார்ன், பிறகு குறட்டை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் பார்த்ததில்லை. முடிவெல்லாம் நான் சொல்லித்தான் தெரியும்.

(நான் சொன்ன முடிவுகள் எல்லாம் படத்தில் இருந்தவை அல்ல. சில இயக்குநர்களுக்குக் கை கொடுத்திருக்கிறேன்.)

அதில் ஒன்றுதான் இப்போது என் கழுத்துக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் நானும் அவளும் ஒரு படத்துக்குப் போனோம். ஹீரோ படகுக்காரன். இடைவேளைக்குப் பிறகு கடலுக்குப் போகிறான், மலர்க்கொடி தூங்குகிறாள், அவன் செத்துப்போகிறான். கடைசியில் ஒரு செருப்பு மட்டும் மிதக்கிறது. அடுத்த வாரம் அவள் புருஷன் எத்திராஜ் ஓட்டிப்போன விசைப்படகைக் காணவில்லை. மூன்று நாள் தகவல் இல்லை. என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, அந்தப் படத்துல அவன் திரும்பி வந்தானா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"வந்தான்டி. மூணு தட்டு சோறு துன்னான்" என்றேன்.

மறுநாள் எத்திராஜ் வந்துவிட்டார், இஞ்சின் பழுதாம். அன்றிலிருந்து படகு ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மலர்க்கொடி அந்த ஹீரோவைத்தான் நினைத்துக்கொள்கிறாள். என் வாயில் வந்த பொய்யைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷமாகப் புருஷனைக் கடலுக்கு அனுப்புகிறாள்.

புரொஜெக்டரில் முதலில் எந்தப் படம் வேண்டும் என்று மகள் கேட்டதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை.

3

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்றே நாள். ஏலம் இல்லாவிட்டாலும் ராத்திரி எட்டானால் அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே ஞாயிறு மத்தியானம் காட்சி. இருட்டு வேண்டுமே! படகுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடினார்கள். மீன்வாடைக்குத் தெருப் பூனைகள் பதினொன்றும் டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்துவிட்டன. நானும்தான்.

(எத்திராஜைக் கதையில் வைப்பதா என்று யோசித்தேன். படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் மனுஷன். ஆனால் அடுத்த காரியத்தை வேறு யாரும் செய்யமாட்டார்கள்.)

புரொஜெக்டர் சூடானது. இஞ்சின் சூட்டைப் பார்த்தே பழகியவர் சும்மா இருப்பாரா? மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிரப்பி, அதன்மேல் புரொஜெக்டரை உட்காரவைத்தார். ஐந்தே நிமிஷத்தில் சுவர் முழுக்கப் பனி.

"இன்னாடி, ஊட்டில எட்த்த படமா?" என்றாள் மலர்க்கொடி.

"நைனா! லென்ஸெல்லாம் ஆவி! யாரு உன்ன ஐஸ் வெக்கச் சொன்னது?"

"ஐஸ் வெச்சா மீனே நாலு நாள் தாங்குது, இது தாங்காதா?"

முடிவு ஒன்று: ஹீரோ பனிமூட்டத்தில் மறைந்தான், செத்தானா பிழைத்தானா யாருக்கும் தெரியவில்லை, சுபம். நான் மனசுக்குள் ஜெபமாலையே உருட்டினேன். ஆனால் நர்மதா துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். சனியன், பளிச்சென்று தெரிந்தது.

முடிவு இரண்டு: நான் எழுந்து நின்று, "மலரு, அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்று— இதையும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் ரொம்ப நல்லவளாக வருகிறேன். எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

4

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். ஹீரோ படகில் ஏறினான். மலர்க்கொடி கொட்டாவிகூட விடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம், தூங்குகிற மாதிரி. இரண்டு குறட்டைகூட விட்டேன்.

அலைச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு. பிறகு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எத்திராஜ்கூடப் பேசவில்லை.

என் தோளில் ஒரு கை.

"யக்கா, எய்ந்திரு. படம் முட்ஞ்சிபோச்சி. இன்னா இப்டி தூங்கற?"

"அடடா. கடசீல இன்னா ஆச்சி?"

அவள் கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் குரலில் நடுக்கமே இல்லை.

"வந்துட்டான்க்கா. நீந்திக்கினே முகத்துவாரக்குப்பத்துல கரையேறிட்டான். அங்க ஒரு கல்யாணம் நடந்துகினு கீது. ஈரத் துணியோட பந்தில குந்திகினான்."

"கல்யாணமா?" என்று எத்திராஜ் வாயைத் திறந்தார். அவள் அவர் காலை மிதித்தாள்.

"ஆமா, கல்யாணம்தான்" என்றார்.

நர்மதா வயரைச் சுருட்டுகிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

5

நான் தூங்கவில்லை என்பது மலர்க்கொடிக்குத் தெரியுமா? புதன்கிழமை படகு கிளம்பும்போது அவள் எந்த ஹீரோவை நினைத்துக்கொள்வாள்? முடிவு மூன்று, நான்கு எல்லாம் உங்கள் கையில். எழுதுகிறவள் எல்லாவற்றையும் சுமக்கமுடியாது. எனக்கு அந்த நேரத்தில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பந்தில இன்னா போட்டாங்க?"

மலர்க்கொடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பிரியாணிக்கா. கத்திரிக்கா தொக்குலதான் உப்பு கம்மி."