இரண்டாவது கியர்

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மகனின் இடதுகையைக் கியர் ராடிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலை விலக்கினால் சுண்டுவிரல் திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டது. "வுடுப்பா, தொறந்து பாத்துட்டு ஜல்தியா குடுத்துர்றேன்" என்றார் கோதண்டபாணி. கட்டிலில் மல்லாந்து கிடந்த சந்தோஷ் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசி ஆறு வருஷமாகிறது. மனைவி ருக்கு ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாகக் கியர்பாக்ஸைத் தூக்கி வாசலில் இருந்த பட்டறைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள்.

கியர்பாக்ஸ் அவர்களுடையது அல்ல. இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றினுடையது. புதுச்சேரிக்காரரான அரிபிரசாத் 2003இல் அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியபோது, பல் உடைந்து, துருவேறி, பழைய இரும்புக் கடைக்காரன்கூட யோசித்துத்தான் வாங்குவான் என்ற நிலையில் இருந்தது. திண்டிவனம் முழுக்க லாரிக்கும் டிராக்டருக்கும் கியர்பாக்ஸ் பார்த்துப் பெயர் வாங்கியிருந்த கோதண்டபாணி, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சந்தோஷ்தான் விடவில்லை. பேரிங்குக்காகச் சென்னைக்கு அலைந்தான். பித்தளை வளையங்களை விழுப்புரம் லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று கடைந்து வாங்கிவந்தான். பாதிச் சோற்றில் எழுந்துபோய் ஒரு பல்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருவான். புதிதாகப் பெண்டாட்டி கட்டியவன்கூட இப்படிப் போய்ப் போய்ப் பார்க்க மாட்டான் என்று ருக்கு கேலி செய்வாள். கடைசியில் வேலை முடிந்து, ராடு வெண்ணெயில் கத்தி போவதுபோல நாலு கியருக்கும் போய் வந்தது.

ஆனால் காரின் பாடி வேலை முடியவில்லை. நடுவில் அரிபிரசாத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. "நீங்களே பத்திரமா வெச்சிருங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா மூலையில் போட்டு வைக்கிற சாமான் இல்லை அது. புது ஆயில் ஊற்றி, ஓட்டைகளுக்கெல்லாம் மரத்தக்கை அடித்து, மேலே கிரீஸ் பூசி, சிமெண்டுத் தரை ஈரம் ஏறாமல் மரச்சட்டத்தில் தூக்கி வைத்தார்கள். மரக்காணம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றுக்குப் பயந்து பின்னறையில் வைத்தார்கள். அமாவாசை தோறும் பட்டறைக்குப் பூசணிக்காய் உடைத்த கையோடு சந்தோஷ் உள்ளே போய் சாஃப்டைச் சுற்றிவிடுவான். பற்கள் ஆயிலில் முங்கி எழும்.

அடுத்த வருஷம் ஒரு வேன் வந்தது. கியரில் சத்தம் என்றார்கள். சரிசெய்துவிட்டு சந்தோஷ் ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனான். விக்கிரவாண்டிக்கு முன்னால் நின்றிருந்த கரும்பு லாரியின் பின்புறத்தில் வேன் போய் அப்படியே நுழைந்துவிட்டது. ரோட்டில் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை. பட்டப்பகலில் தூங்கிவிட்டான் என்றார்கள் போலீஸ்காரர்கள். டீக்கடையிலும் அதையே சொன்னார்கள், குடித்திருப்பானோ என்றும் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் மல்லுக்கு நின்ற கோதண்டபாணியும் போகப்போக அதற்கே வந்துவிட்டார். கேட்கிறவர்களிடம், "கண்ணசந்துட்டான் சார்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்வார். பெற்ற மகன்மீது அவருக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை வெளியே சொல்ல முடியாதது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது கட்டில் போடப் பின்னறையைத் தவிர வேறு இடமில்லை. ஒருநாள் ருக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சந்தோஷின் கை கியர் ராடைப் பிடித்திருந்தது. கோதண்டபாணி அன்றைக்கு வாய்விட்டு அழுதார். கட்டிலுக்குச் சரியான உயரத்தில் ஸ்டாண்டு அடித்து அதில் கியர்பாக்ஸை ஏற்றினார். மகன் கைமேல் தன் கையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டுக் காட்டினார். அதன்பிறகு கை தானாகவே ஆடத் தொடங்கியது. பார்க்க வந்தவர்களிடம், "நாலு கியரும் கரெக்டா போடறான், இன்னும் கொஞ்ச நாள்ல எழுந்து குந்திடுவான்" என்பார். டாக்டர், கை விறைக்காமல் இருக்க நல்லதுதான் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைக் கோதண்டபாணி தானே நம்பிக்கொண்டார். சம்மட்டிச் சத்தத்தில் அவர் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. பகலெல்லாம் பட்டறையில் கிடந்தார். அந்தக் கடக் கடக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் ருக்குதான். அவளுக்குக் கியர் தெரியாது.

போன வாரம் அரிபிரசாத் போன் செய்தார். ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். கார் தயார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"குடுத்துட்டா புள்ள கைக்கு இன்னா பண்ணப்போற நீ?" என்று கேட்டாள் ருக்கு.

"வேற ஒண்ணு வெக்கிறேன். அம்பாசிடர் பாக்ஸு கெடக்குது."

"தொட மாட்டான். நீ போன மாசம் வெச்சிப் பாத்தியே, தொட்டானா?"

தொடவில்லை. அதனால் கோதண்டபாணி வேறொரு கணக்குப் போட்டிருந்தார். அரிபிரசாத் நல்ல மனுஷன். அவரை உள்ளே கூட்டிப்போய்க் கை ஆடுவதைக் காட்டலாம். இன்னும் ஒரே ஒரு வருஷம் இருக்கட்டும் சார், அதற்குள் பிள்ளை எழுந்துவிடுவான் என்று காலில் விழாத குறையாகக் கேட்கலாம். அதற்கு முன்னால் சாமான் பழுதில்லாமல் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இப்போது மேல்மூடியின் போல்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆயில் தெளிவாக இருந்தது. பற்களில் ஒரு பொட்டுத் துருவில்லை. மூடியைக் கவிழ்த்து, ராடு தள்ளும் கம்பிகளை உருவினார். கம்பியில் கியருக்கு ஒரு பள்ளம் இருக்கும். கியர் விழும்போது ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு இரும்புக் குண்டு அந்தப் பள்ளத்தில் உட்காரும். ஆறு வருஷ ஆட்டத்தில் நாலு பள்ளமும் தேய்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் துணியால் துடைத்தார்.

முதல் கியரின் பள்ளம் மகன் அரம் போட்டுத் தேய்த்த கீறல்களோடு அப்படியே புதிதாக இருந்தது. நாலாவதும் அப்படியே. மூன்றாவது மட்டும் கண்ணாடிபோல வழுவழுத்திருந்தது. இரண்டாவது பள்ளம் அடிமேல் அடி வாங்கி, விளிம்பே மழுங்கிப்போயிருந்தது.

கோதண்டபாணி கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி ஓட்டுகிற நினைப்பில் ஒருவன் கியர் போட்டால் முதல் கியரைத் தொடாமல் இருப்பானா? மூன்றிலிருந்து இரண்டு. மறுபடி மூன்றிலிருந்து இரண்டு. ஓடுகிற வண்டியை அப்படி இறக்குகிறவன் யார்? பிரேக் போய்விட்டவன். காலுக்குக் கீழே பிரேக் இல்லையென்றால் கியரை இறக்கித்தான் வண்டியை மடக்கப் பார்ப்பான். பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் என்ன கோடு போடும்? வேன் வந்தது கியர் சத்தத்துக்கு. பிரேக்கை யாரும் பார்க்கவில்லை.

"இன்னா ஆச்சி? உள்ள எதுனா ஒடஞ்சிடுச்சா?" ருக்கு வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணும் ஒடையல. புள்ள தூங்கல ருக்கு."

"எப்ப?"

"அன்னிக்கி."

அவளுக்குப் புரிந்ததா என்று அவர் பார்க்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போனார். ராடு இல்லாத இடத்தில் சந்தோஷின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. ஆறு வருஷமாகப் பெருமையாகப் பார்த்த கையை அவர் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். மெதுவாக முன்னே போனது. பிறகு வெடுக்கென்று பின்னால் இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் தாடை கிட்டித்தது. போர்வைக்குள் வலது பாதம் நீண்டு கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்தியது. அதை வெறும் நடுக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கோதண்டபாணி குனிந்து அவன் காதருகே வாயை வைத்தார். "சந்தோஷு, நின்னுடுச்சிப்பா. வண்டி நின்னுடுச்சி. நீதான் நிறுத்திட்ட. எறங்குப்பா."

தன் கட்டைவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கை ஆடாமல் இருந்தது. மூச்சுகூடச் சீராக வருவதுபோலிருந்தது. அவர் அசையாமல் குனிந்தே நின்றார்.

கதவருகே நின்ற ருக்கு சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். "அவுரு வந்துட்டாரு, ஹாரன் அடிக்கிறாரு" என்று உரக்கச் சொன்னாள். கோதண்டபாணிக்கு அந்த ஹாரன் கேட்கவில்லை. மகனின் பிடி இறுகியது மட்டும் தெரிந்தது. பாதம் பலகையில் மோத, கை அவர் விரலைப் பின்னால் இழுத்தது, மறுபடியும் இழுத்தது.