பகலில் எரியும் கல்லறை விளக்கு

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது விக்னேஷ்குமார் சொன்ன ஒரு பேச்சு மட்டும். சோலார் விளக்கு பழுது பார்ப்பவன். 2006-ல் கொடைரோடு ஸ்டேஷனில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "பட்டப்பகல்ல எரியுது சார். மேல ஏறிப் பாத்தா தகட்டுல ஒண்ணுமே இல்ல." அதற்குள் அவனுடைய ரயில் வந்துவிட்டது. (கதையைப் பாதியில் விட்டு ரயிலேறுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.) மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "திண்டுக்கல் சமவெளியில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமே..." வேண்டாம். அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம். ஊருக்கு ஒரே ஒரு சோலார் தெருவிளக்கு வந்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் எங்களுக்குத்தான் என்று மல்லுக்கு நின்றன. கடைசியில் இரண்டு தெருவுக்கும் பொதுவான இடம் எது என்று யோசித்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் நட்டார்கள். மில் வேலை முடிந்து அந்த வழியாக வரும் பெண்களுக்காவது வெளிச்சம் கிடைத்தது.

3

மாதா கோயில் உபதேசியார் ராயப்பராஜ் சனிக்கிழமை மத்தியானம் ஏணி வைத்து ஏறி விளக்கின் சோலார் தகட்டைத் துடைப்பார். காக்கை எச்சம் ஊறட்டுமென்று ஈரச் சாக்கை அதன்மேல் விரிப்பார். தகட்டில் வெயில் படாவிட்டால் பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்து விளக்கு தானே எரியும். அதன் புத்தி அவ்வளவுதான். எதிர் வீட்டிலிருந்து அதைப் பார்த்ததும் அவர் மனைவி ஆரோக்கியம்மாள் வெஞ்சனத்தைத் தாளிப்பாள். அவர் இறங்கிக் கை கழுவும்போது சோறு தயாராக இருக்கும்.

ராயப்பராஜ் மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். (முதலில் ஏணியிலிருந்து விழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த ஏணிக்குக் கெட்ட பெயர் வேண்டாம்.)

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் விளக்கு எரிந்தது. அதன் பிறகு தினமும் எரிந்தது.

4

விக்னேஷ்குமார் ஏறிப் பார்த்தான். வெயிலில் தகடு கொதித்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் சில்லென்று, ஈரச் சாக்கை அப்போதுதான் எடுத்த மாதிரி...

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.]

"தகட்டை எதாச்சும் மறைச்சாத்தான் எரியும்மா. மேல ஒண்ணும் இல்ல," என்றான் இறங்கி வந்து, எதிர் வீட்டு வாசலில் நின்ற ஆரோக்கியம்மாளிடம்.

"அவருதான், அப்பு. தொடச்சுட்டு இறங்கிருவாரு."

"பகல்லயே பேட்டரி தீந்துபோகுது. மில்லு விட்டு வர்ற புள்ளைக இருட்டுல வருதுக. கன்ட்ரோல் பெட்டிய மாத்திட்டேன்னா இனிமே பகல்ல எரியாது."

ஆரோக்கியம்மாள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டது. "செத்த நேரம் பொறு. தாளிச்சுட்டு வாரேன்."

உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

5

இங்கேதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை மட்டும் எரிய வேண்டிய விளக்கு ஏன் தினமும் எரிகிறது? நான் தினமும்தான் எழுதுகிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி, குனிந்து. என் தலையின் நிழல் தாளில் விழுகிறது, அதில் எழுதியிருக்கும் கல்லறைத் தோட்டத்தின் மேல், அந்தத் தகட்டின் மேல்.

நிமிர்ந்தேன். விளக்கு அணைந்தது. (அணைந்தது என்று நான் எழுதவே இல்லை, சத்தியமாக.) ஆரோக்கியம்மாள் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இறங்கிட்டீகளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பயந்துபோய் மறுபடியும் குனிந்துகொண்டேன். பயம் பாதிதான். அவள் முகத்தைப் பார்த்தபின் நிமிர எனக்கு மனசு வரவில்லை.

6

ஒரு முடிவில் விக்னேஷ்குமார் பெட்டியை மாற்றினான். இன்னொன்றில் அவள் அவனைத் துரத்திவிட்டாள். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நான் பேனாவை மூடி வைத்து வெகுநாளாகிறது. ஆகவே இப்போது இந்தத் தாளின் மேல் கவிந்திருப்பது என் தலை இல்லை. நீங்கள் நிமிர்ந்தால் பேட்டரி மிஞ்சும், மில் பெண்கள் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேர்வார்கள். நிமிரத்தான் வேண்டும், எனக்கும் தெரிகிறது.

ஆனால் எதிர் வீட்டில் தாளித்தாகிவிட்டது. இரண்டு தட்டிலும் சோறு போட்டுவிட்டு, அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.