கண்ணாடியின் விளிம்பு

காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அண்ணி சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அண்ணன் அதைப் படித்துவிட்டு, "அப்போ மனசுலதான் ஏதோ..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினான்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நூலகத்தில் பதினோரு வருடமாக வாசிக்கிறாள் அண்ணி. மூன்று மாதமாக, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு 'ம்ம்ம்' வந்து காதில் உட்கார்ந்துகொள்கிறதாம். வரி நழுவிப் போகிறதாம். மைக்கில் அடித்தொனியை வடிகட்டிவிடுவதால் பதிவில் ஒன்றும் கேட்காது. மேலாளர் அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையேம்மா, எதுக்கும் பார்க்கலாம்" என்றாராம். எதற்கும் அதைத்தான் சொல்வார். அங்கே அவர் பெயரே 'பார்க்கலாம்' சார்.

என் பிழைப்பே சத்தம்தான். ஓர் அறைக்குள் எது எப்படிக் கேட்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. முழுக் கட்டடத்தையும் ஏற்றினால் கணினிக்கு மூச்சு முட்டும். அதனால் துண்டு துண்டாகப் பிரித்து எளிய மாதிரிகளாக்குவோம். பதிவுக் கருவிகளோடு காற்றாடி மோட்டாரும் ஓடும் பதிவறை ஒன்று, நடுவில் உள்ள கண்ணாடி ஒன்று, அண்ணி வாசிக்கும் அறை ஒன்று. தனித்தனியாக எல்லாம் சமர்த்து. ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் வம்பு. இந்தப் பக்கக் காற்று தள்ளினால் கண்ணாடி எவ்வளவு அசையும், அது அசைந்தால் அந்தப் பக்கக் காற்று எவ்வளவு நகரும் என்று எல்லையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

நூலகத்தின் வரைபடத்தை வாங்கிவந்து, ஆர்வத்தில் ஒரே மாலையில் போட்டுவிட்டேன். கண்ணாடி வினாடிக்குத் தொண்ணூறு துடிப்பில்தான் சிலிர்த்துக்கொள்ளும். மோட்டார் சுற்றுவதோ ஐம்பது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"கணக்குப்படி உள்ள சத்தம் வர வழியே இல்ல, அண்ணி."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, சத்தம் வராமல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளோடு நானும் போனேன். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றுமில்லை. நாற்பதாவது நிமிடம் பதிவறையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில், கேட்கிறதா உறைக்கிறதா என்று சொல்ல முடியாத ஒன்று என் பற்களுக்குள் வந்து நின்றது.

எழுந்து போய்க் கண்ணாடியைத் தொட்டேன். அதிர்ந்தது. விளிம்போரமாக நகத்தை ஓட்டினேன். வரைபடத்தில் சட்டத்தோடு இறுகப் பொருத்தியதாக இருந்த இடத்தில் நகம் மெத்தென்று அமுங்கியது.

"அண்ணி, இது ரப்பரா?"

"பழைய கண்ணாடி விரிசல் விட்டுச்சுன்னு மாத்தினாங்க. மூணு மாசம் இருக்கும்."

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். விளிம்பு அசையாது என்றிருந்த ஒரே ஒரு வரியை, கொஞ்சம் அசையலாம் என்று மாற்றினேன். தொண்ணூறு மளமளவென்று இறங்கி, மோட்டாரின் ஐம்பதுக்குப் பக்கத்தில், ஐம்பத்தொன்றில் வந்து நின்றது. தனியாகச் சிரித்தேன், பிறகு நேற்றைய தட்டுகள் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"உங்க காது இல்ல அண்ணி. என் கணக்குதான் தப்பு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தில் பக்கத்தைத் தேடினாள்.

நான் பதிவறைக்குப் போனேன். 'பார்க்கலாம்' சார் அங்கே வந்து எல்லாவற்றையும் கேட்டார். "மறுபடி கழட்டணும்னா மேலிடத்துக்கு எழுதணுமே. பார்க்கலாம்..."

நான் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தினேன். அதிர்வு முழுக்கப் போகவில்லை, ஆனால் தணிந்தது. உள்ளே அண்ணி தலை நிமிர்ந்தாள். உதடுகள் அசையத் தொடங்கின. இந்தப் பக்கம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும் என் உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல் வந்துகொண்டிருந்தது.

சார் என் கைகளையும் உள்ளே அசையும் உதடுகளையும் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார்.