பாண்டியா, சிதம்பரமா

பாண்டிச்சேரியா, சிதம்பரமா என்று எங்கள் வீட்டில் சித்திரையில் தொடங்கிய பேச்சு ஆனி பிறந்தும் ஓயவில்லை. செஞ்சி கடைத்தெருவில் எங்கள் நைனா ஆதிநாராயணனின் எண்ணெய், பிண்ணாக்கு மண்டிக்கு வருகிறவர்கள்கூட என்னைக் கண்டால், "இன்னாம்மா மனோரமா, எந்த ஊருன்னு முடிவாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபத்தைந்தாம் வருஷம் அது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பி.யூ.சி. படிக்க இரண்டு ஊரிலும் இடம் கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஓர் ஊரில் போய்ச் சேராவிட்டால் இரண்டும் போய்விடும். அப்புறம் செஞ்சியின் இந்த மூன்று மலைக்கு நடுவில் கிடந்து, தை மாதம் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்க வேண்டியதுதான்.

முதலில் நைனாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பார்க்காமல் சரக்கு எடுக்கிறவர் இல்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, நாலு மல்லாட்டைப் பயிரை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) உள்ளங்கையில் கொட்டி, கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். அதே போல இரண்டு ஊருக்கும் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். எங்கள் தெருவில் எந்த அப்பா அப்படிச் செய்தார்?

முதலில் பாண்டிச்சேரி. செஞ்சியில் ஓர் ஆம்பிளை "பாண்டிக்குப் போய்ட்டு வரேன்" என்றால் எதற்கென்று குழந்தைக்கும் தெரியும். எங்கள் பக்கம் மதுவிலக்கு. அங்கே அந்தத் தொல்லை கிடையாது. அதனால் பஸ்ஸில் எதிர்ப்பட்ட தெரிந்தவர்களிடமெல்லாம் நைனா, "காலேஜ் பாக்கப் போறோம், காலேஜ் பாக்க" என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது அதே ஆட்களில் பாதிப்பேர் பஸ்ஸில் தலை தொங்கத் தூங்கினார்கள்.

ஊரைச் சொல்லவேண்டும். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. கிழக்கே பார்த்த தெரு எதில் நின்றாலும் அந்தக் கடைசியில் கடல் தெரிந்தது. நான் கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எப்படி அவரால் முடிந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளில் ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானமானதும் கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். நைனா நடுத்தெருவில் நின்று, "பட்டப்பகல்ல கடையச் சாத்தறானுங்களே! இந்த ஊர்ல எப்படிப் படிப்பு ஏறும்?" என்றார்.

வைகாசியில் சிதம்பரம் போனோம். அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. தேரோடும் வீதிகளைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, ஜட்காவில் அண்ணாமலைநகர் போகவேண்டும். ஊர் ஒரு மாதிரி, காலேஜ் இருக்கும் இடம் வேறு மாதிரி. பெரிய பெரிய கட்டடங்கள். மரத்துக்கு மரம் கும்பலாகப் பையன்கள். ஒவ்வொருவனும் மேடையில் நிற்கிற மாதிரி கையை ஆட்டிப் பேசினான். தை மாதத்து இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் எழுதிய கரி எழுத்து சுவரில் அழியாமல் இருந்தது. ஜட்காக்காரர் என் பேர், ஊர், நைனாவின் பேர், தொழில், நான் எடுக்கப்போகிற பாடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பாடம் எனக்கு எதற்கு என்று தர்க்கமும் செய்தார். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் பறங்கிப்பேட்டையில் கடலோரமாகவே உட்கார்ந்து மீனையும் நண்டையும் பற்றிப் படிக்கிறார்கள் என்று விடுதியில் ஒரு அக்கா சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பாண்டிச்சேரி, வந்தால் வா, வராவிட்டால் போ என்கிற ஊர். சிதம்பரம், வந்தவளை உட்காரவைத்து வாயைக் கிண்டுகிற ஊர். ஒன்றில் என்னை யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொன்றில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இரண்டுமே பிடித்துப்போனது. அங்கேதான் வந்தது வினை.

"பாண்டிக்கே போறேன் நைனா" என்பேன்.

"போயேன். காத்தோட்டமான ஊரு. ஆனா சிதம்பரத்துல ஆஸ்டல் இருக்குது, வார்டன் இருக்குது, பக்கத்துலயே நடராஜர் இருக்காரு. யோசிச்சுப் பாரு" என்பார்.

யோசித்துவிட்டு மறுநாள், "சரி, சிதம்பரம்" என்பேன்.

"பேஷ். பேர்போன இடமாச்சே. ஆனா தை மாசம் இன்னா ரகளை நடந்துது, பாத்தியா? மறுபடி கிளம்பினா உன்னை யாரு போய்க் கூட்டியாறது? பாண்டின்னா அந்தத் தொல்லை கிடையாது."

இப்படியே ஊஞ்சலாட்டம். ஒரு வாரம் நான் பாண்டிச்சேரியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் சிதம்பரத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்காது. புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம் தாண்டாது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து அம்மாவிடம் திட்டு வாங்குவேன். அம்மா ஞானம்பாள் அதிகம் பேசமாட்டாள். "உட்காருடி, தலை சுத்துது" என்பாள். அதோடு சரி.

புதன்கிழமை சாயந்தரம் நைனாவுக்குக் காபி கொண்டுபோனேன். கடையில் விளக்கு ஏற்றிச் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். சிங்கவரத்திலிருந்து பாவாடை என்கிற குடியானவர் வந்து நின்றார். அவர் வீட்டு மாடு கன்று போட்டிருந்தது. மல்லாட்டைப் பிண்ணாக்கு வேண்டுமாம். மண்டியில் ஒரு வில்லைகூடக் கிடையாது. காலையிலேயே தீர்ந்துபோனது எனக்கே தெரியும்.

"வா பாவாடை. கன்னு நல்லாருக்குதா? மல்லாட்டைப் பிண்ணாக்குதானே, நாளைக்குப் புதுசா வருது, ஏ ஒன்னு சரக்கு. அதுவரிக்கும் எள்ளுப் பிண்ணாக்கு பாரேன்."

"எள்ளு வாணாம் சாமி, மாடு சூடாயிடும்."

"அப்ப தேங்காப் பிண்ணாக்கு பாரு. பால் கெட்டியா வரும்."

"தேங்காயா? அதுல நேத்து இன்னொருத்தர் பூஞ்சைன்னாரே."

"அப்ப எள்ளே எடுத்துக்கயேன்."

பாவாடை இதைத் தொட்டு, அதை மோந்து பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு வெறுங்கையோடு போனார். போகும்போது கும்பிட்டுவிட்டு வேறு போனார்.

கடையில் 'இல்லை' என்ற சொல்லை நைனா சொல்லமாட்டார். எங்கள் வியாபாரக் குடும்பங்களில் யாருமே சொல்லமாட்டார்கள். சொன்னால் லட்சுமி இறங்கிப்போய்விடுவாள். விளக்கு வைத்த நேரத்தில் சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் இல்லாததைக் கேட்கிறவனுக்கு வேறு இரண்டைக் காட்டுவார்கள். அதைப் பார்த்தால் இதைப் புகழ்வார்கள், இதைப் பார்த்தால் அதைப் புகழ்வார்கள். அலுத்துப்போய் அவனே கிளம்பிவிடுவான். இதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். சித்திரையிலிருந்து கடைவாசலில் நின்று தலையைச் சொறிகிற பாவாடை நான்தான்!

உடம்பெல்லாம் எரிந்தது. டம்ளரை டங்கென்று வைத்தேன்.

"நைனா, எனக்குக் காலேஜ் இருக்குதா, இல்லையா?"

"இன்னாம்மா இது, வெளக்கு வெச்ச நேரத்துல..."

"எந்த ஊருன்னு கேக்கல. இருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

எடை போடுகிற ஆள் கையை நிறுத்திவிட்டான். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். வாயில் ஏதோ சமாதானம் வந்துகொண்டிருந்தது. பாண்டி என்று ஆரம்பிப்பாரா, சிதம்பரம் என்று ஆரம்பிப்பாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இல்ல" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கடைக்குள் நான் கேட்டதே கிடையாது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மெதுவாகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. அனுப்ப மாட்டேன். அனுப்பணும்னுதான் கூட்டிம்போனேன், சத்தியமா. பாண்டியில கடக்கரையில நின்னே பாரு, நான் நாலு வாட்டி கூப்ட்டேன். உன் காதுலயே விழல. உன் மூஞ்சியப் பாத்தேன். சரி, அந்த ஊருதான் அப்படின்னு சிதம்பரம் கூட்டிம்போனேன். அங்கயும் அதே மூஞ்சி. எந்த ஊருக்குப் போனாலும் நீ திரும்பி வரமாட்டே."

நான் வருவேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் வீட்டுக்கு ஓடிவந்து, அடுப்பங்கரையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ராத்திரி நைனா சாப்பிட வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

காலையில் நைனா கடைக்குப் போன பிறகு, அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் என் துணிமணி வைத்த பெட்டி, இடுப்பில் என் சர்ட்டிபிகேட்டெல்லாம் சுருட்டிய மஞ்சள் பை.

"கெளம்பு."

"நைனாவைக் கேக்கலையா?"

"இத்தினி நாளா இன்னா சொல்றாருன்னு தெரியாம கேட்டுனிருந்தோம். நேத்துதான் தெளிவா சொல்லிட்டாரே. இனிமே கேக்கறதுக்கு இன்னா இருக்குது? செலவுக்கு என் கையில இருக்குது, வா."

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ் நின்றன. ஒன்று பாண்டிச்சேரிக்கு, இன்னொன்று விழுப்புரம் போகிறது, அங்கே மாறினால் சிதம்பரம். அம்மா பெட்டியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள்.

"எந்த ஊருடி?"

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. அந்த நேரத்தில் எனக்குக் கடலும் ஞாபகம் வரவில்லை, நண்டும் ஞாபகம் வரவில்லை.

"எதை முதல்ல எடுக்கிறானோ அது."

விழுப்புரம் பஸ் உறுமியது. ஏறி உட்கார்ந்தோம். பஸ் கடைத்தெரு வழியாகத்தான் போகும். நைனா பார்த்துவிட்டால் கையைக் காட்டி நிறுத்துவார், எல்லோர் முன்னாலும் இறங்கச் சொல்வார், நான் மாட்டேன் என்பேன் என்று வரிசையாக வசனம் எல்லாம் தயார் செய்துவைத்தேன். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மண்டி சாத்தியிருந்தது. வியாழக்கிழமை, நல்ல வியாபார நேரம், பலகை எல்லாம் போட்டுப் பூட்டியிருந்தது. வாசலில் பாவாடை குந்தியிருந்தார், சொன்ன சரக்கை வாங்க வந்து. நைனாவைக் காணோம். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது; நாங்கள் போவதைப் பார்க்கவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் எங்கேயோ போய்விட்டார்.

சண்டைக்கு நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இறங்கி ஓடிப்போய் அவரைத் தேடவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். இறங்குகிறாயா என்று அவள் கேட்டிருந்தால் இறங்கியிருப்பேன். அவள் கேட்கவில்லை. கண்டக்டர் வந்து எங்கே என்றான். நான்தான் சிதம்பரம் என்றேன்.